தண்டுக்கு ஒரு சாட்சி

(சாத்தத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மின்மோட்டாரின் தண்டைச் சொன்ன வேகத்தில் சுழல வைப்பது, சொன்ன இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. இன்று நான் பேசப்போவது இந்த இரண்டு வேலைகளைப் பற்றித்தான். கேட்பதற்குப் பட்டறைச் சமாச்சாரம் போலத் தோன்றும். பேசுவதற்குச் சாத்தத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அந்தமானின் இந்தச் சின்னத் தீவில் 1883 முதல் மரம் அறுக்கும் ஆலை இருக்கிறது. இதன் படகுத்துறையில் கடல் மட்டத்தை அளக்கும் கருவி இருக்கிறது. எதிரே, இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள போர்ட் பிளேரில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டுகளைப் பின்தொடரும் இஸ்ரோவின் தரை நிலையம் இருக்கிறது. காகிதம் சுற்றிய உருளை, மரத்தை அறுக்கும் வாள், வானத்தைப் பார்த்துத் திரும்பும் ஆண்டெனா என்று சுழலும் பொருள்கள் மூன்று. உருளையிடம் நாம் கேட்பது நேரம், வாளிடம் கேட்பது கனம், ஆண்டெனாவிடம் கேட்பது திசை.

இந்த மூன்றையும் வைத்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். நல்ல மோட்டார் வாங்கினால் துல்லியம் கூடவே வந்துவிடாது. மோட்டாரைச் சாராத ஒரு சாட்சி, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று, நடந்தது இதுதான் என்று சொல்ல வேண்டும். அந்தச் சாட்சி எவ்வளவு நம்பகமானதோ, எவ்வளவு பக்கத்தில் நிற்கிறதோ, அவ்வளவுதான் துல்லியம்.

உருளையும் கடலும்

பழைய அலை அளவியின் அமைப்பு எளிது. கடலோடு தொடர்புள்ள ஒரு கிணற்றுக் குழாயில் மிதவை ஒன்று மிதக்கும். அதிலிருந்து வரும் கம்பி ஒரு பென்சிலை நகர்த்தும். காகிதம் சுற்றிய உருளை ஒன்றைக் கடிகாரப் பொறி நாளுக்கு ஒருமுறை சுழற்றும். பென்சில் கடலின் ஏற்ற இறக்கத்தை எழுதும், உருளை நேரத்தை எழுதும். கடல் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். மனிதன் பொறுப்பேற்க வேண்டியது உருளையின் சுழற்சிக்கு மட்டும்தான்.

அந்தச் சுழற்சி பிசகினால் என்ன ஆகும்? உருளையின் சுற்றளவு 24 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மணிக்கு ஓர் அங்குலம் காகிதம் நகரும், ஒரு நிமிடத்துக்கு 0.42 மில்லிமீட்டர். கூர் மழுங்கிய பென்சிலின் கோடே அந்த அகலம் இருக்கும். இப்போது கடலைப் பாருங்கள். 3,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் சுனாமி அலை மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் போகும், அதாவது நிமிடத்துக்கு 10 கிலோமீட்டர். காகிதத்தில் பென்சில் கோட்டின் அகலம், கடலில் 10 கிலோமீட்டர்.

இது வெறும் கணக்கு விளையாட்டு என்று எண்ண வேண்டாம். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அது எழுப்பிய சுனாமி ஒரு மீட்டருக்கும் குறைவானது. வங்கக் கடலைச் சுற்றியிருந்த எட்டு அலை அளவிகள் அதைப் பதிவு செய்தன, போர்ட் பிளேரும் நாகப்பட்டினமும் சென்னையும் அவற்றில் அடக்கம். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, அந்தக் கோடுகளையும் அவை காட்டிய நேரங்களையும் வைத்தே நிலநடுக்கம் எங்கே, எவ்வளவு நீளத்துக்கு நிகழ்ந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எட்டு உருளைகளும் ஓரளவு ஒழுங்காகச் சுழன்றிருந்ததால்தான் அது முடிந்தது.

2004 டிசம்பர் 26 காலை நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்று போர்ட் பிளேர்ப் பகுதி நிலம் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. அது நிலநடுக்கத்தோடு சில நிமிடங்களில் தாழ்ந்ததா, அல்லது அதற்குப் பிறகும் மெல்ல மெல்ல இறங்கியதா என்பது புவியியலாளர்களுக்கு மிகப் பெரிய கேள்வி. பாறைத் தட்டு எப்படி வழுக்குகிறது என்பதே அதில் அடங்கியிருக்கிறது. பதில் சொல்லக்கூடிய மிக அருகான பதிவு இந்தப் படகுத்துறை அலை அளவியுடையது. 2005, 2006 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் விவாதம் எதைச் சுற்றி வந்தது தெரியுமா? கருவியின் கடிகாரம் காட்டிய நேரத்தை எவ்வளவு நம்பலாம், எவ்வளவு திருத்த வேண்டும் என்பதைச் சுற்றி. கடல் மட்டத்தை யாரும் பெரிதாகச் சந்தேகிக்கவில்லை, நேரத்தைத்தான் சந்தேகித்தார்கள்.

கடல் மட்டத்துக்குச் சாட்சி இருந்தது, கரையில் நட்ட அளவுகோல். நேரத்துக்குச் சாட்சி அந்தக் கடிகாரமே. தனக்குத் தானே சாட்சி சொல்லும் பொறி பிழைபட்டால், எவ்வளவு பிழைபட்டது என்று பிறகு யாராலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் அக்காலக் கண்காணிப்பாளர்கள் நாள்தோறும் வேறொரு கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் காகித ஓரத்தில் குறிப்பு எழுதினார்கள். அந்தக் கையெழுத்துக் குறிப்பைப் பின்னூட்டத்தின் ஆதி வடிவம் என்று சொல்லலாம்.

வேகம் மன்னிக்கும், இடம் மன்னிக்காது

அந்த உருளையைக் கடிகாரப் பொறிக்குப் பதில் மின்மோட்டாரால் சுழற்றுவோம். மாறுமின்சாரத்தில் ஓடும் சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகத்தை ஓர் எளிய சூத்திரம் தீர்மானிக்கிறது. மின்சாரத்தின் அதிர்வெண்ணை 120ஆல் பெருக்கித் துருவங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ், நான்கு துருவம் என்றால் நிமிடத்துக்கு 1,500 சுற்று, பிசகாது. நம் ஆலைகளிலும் பம்புகளிலும் ஓடும் தூண்டல் மோட்டார் அவ்வளவு கறார் இல்லை. பெயர்ப் பலகையில் 1,440 என்று போட்டிருக்கும். சுமை ஏற ஏறக் கொஞ்சம் பின்தங்கி ஓடுவதுதான் அதன் இயல்பு. அந்தப் பின்தங்கல் இல்லாவிட்டால் அது முறுக்குவிசையே தராது.

அப்படியானால் சிங்க்ரனஸ் மோட்டார் போட்டால் உருளை சரியாகச் சுழலுமா? இந்தத் தீவுகளில் அதற்கு உத்தரவாதம் குறைவு. நிலப்பரப்பின் மின்கட்டமைப்பு கடல் தாண்டி இங்கே வரவில்லை. பெரும்பாலும் டீசல் எந்திரங்கள்தான் இத்தீவுகளின் விளக்கை எரிக்கின்றன. சிறிய கட்டமைப்பில் ஒரு பெரிய மோட்டாரைத் தட்டினாலே அதிர்வெண் அசையும். அது 50க்குப் பதில் நாள் முழுக்க 49.9 ஹெர்ட்ஸில் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறில் ஒரு பங்குதான் பிழை. மின்விசிறிக்குத் தெரியாது, பம்புக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். அதில் ஐந்நூறில் ஒரு பங்கு கிட்டத்தட்ட 173 விநாடி. மூன்று நிமிடம். நம் சுனாமிக் கணக்கில் 30 கிலோமீட்டர்.

மாணவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வேகத்தில் வரும் பிழை அந்தக் கணத்தோடு போய்விடுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது தண்டின் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேருகிறது. வேகத்தைக் காலம் முழுக்கக் கூட்டினால் வருவதுதான் இடம். ஆகவே ஒரு தண்டின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கட்டுப்படுத்தினேன் என்று ஒருவர் சொன்னால், அவர் இடத்தைப் பற்றி எந்த வாக்குறுதியும் தரவில்லை. நேரம் போகப் போக அவருடைய தண்டு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

கவர்னரும் மாக்ஸ்வெல்லும்

இந்த வேறுபாட்டைக் கணக்கில் பிடித்தவர் ஜேம்ஸ் கிளர்க் மாக்ஸ்வெல். அவருக்கு முன்பே, 1788இல், ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தில் சுழலும் குண்டுகள் கொண்ட கவர்னரைப் பொருத்தியிருந்தார். எந்திரம் வேகமாகச் சுழன்றால் குண்டுகள் விலகி உயரும், நீராவி வாயில் குறுகும். வேகம் தணிந்தால் குண்டுகள் இறங்கும், வாயில் திறக்கும். இந்த ஆலை தொடங்கிய 1883 அத்தகைய எந்திரங்களின் காலம். ஒரு நீராவி எந்திரம், கூரையோடு ஓடும் ஒரு நீண்ட தண்டு, அதிலிருந்து பெல்ட் மாட்டி இயங்கும் எல்லா வாள்களும் என்பதே அக்கால ஆலைகளின் பொது அமைப்பு. ஒரு வாள் முரட்டுக் கட்டையில் திணறினால் எல்லா வாள்களும் சேர்ந்து தணியும்.

வாட்டின் குண்டுகளுக்கு ஒரு குறை உண்டு. சுமை கூடியதும் வாயிலை அதிகம் திறந்து வைத்திருக்க வேண்டுமானால், குண்டுகள் சற்றுத் தாழ்ந்தே இருக்க வேண்டும். அதாவது வேகம் சற்றுக் குறைந்தே நிற்க வேண்டும். 1868இல் எழுதிய கட்டுரையில் மாக்ஸ்வெல் இத்தகைய பொறிகளைத் தனி வகையாகப் பிரித்தார். இவை வேக மாற்றத்தைத் தணிக்கும், முழுதும் நீக்காது. பிழை சிறிதளவேனும் இருக்கும்வரை வாயிலைத் திருப்பிக்கொண்டே இருக்கும் பொறிதான் வேகத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். இரண்டாவது வகை பிழையைச் சேர்த்து வைத்துக் கணக்குக் கேட்கிறது. இந்த அக்கறை அவருக்கு வந்ததற்கும் ஒரு சுழற்சிதான் காரணம். மின்தடையின் அலகான ஓமைத் தீர்மானிக்க ஒரு கம்பிச்சுருளைச் சீரான வேகத்தில் சுழற்ற வேண்டியிருந்தது. அந்தச் சோதனையில் ஃப்ளீமிங் ஜென்கின் அமைத்த கவர்னர் பயன்பட்டது.

சாத்தம் மின்நிலையத்து நண்பர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம். இரண்டாவது வகைதான் சிறந்தது என்றால், டீசல் எந்திரங்களின் கவர்னர்களில் ஏன் முதல் வகைக் குறையை வேண்டுமென்றே வைத்திருக்கிறோம்? ஒரே கட்டமைப்பில் ஓடும் இரண்டு எந்திரங்களும் 50 ஹெர்ட்ஸ்தான் வேண்டும் என்று கறாராக நின்றால், அவற்றின் அளவீட்டில் உள்ள மிகச் சிறு வேறுபாடே ஒன்றை முழுச் சுமையிலும் மற்றொன்றைச் சும்மாவும் ஓட வைத்துவிடும். வேகம் சற்று விட்டுக்கொடுத்தால்தான் சுமை பங்காகும். எந்தப் பிழையை ஒழிப்பது, எதை விட்டு வைப்பது என்று தெரிந்திருப்பதும் கட்டுப்பாட்டுக் கலையின் ஒரு பகுதியே.

வாளும் வண்டியும்

இப்போது ஆலைக்குள் வருவோம். பட்டை வாள் பொருத்திய ஓர் எந்திரத்தில் மோட்டார்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, வாளை ஓட்டுவது. 1.2 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றினால் வாளின் பற்கள் விநாடிக்குச் சுமார் 38 மீட்டர் ஓடும். படாக் போன்ற கடின மரத்தில் வாள் ஏறும்போது வேகம் நூற்றுக்கு நாலோ ஐந்தோ குறைந்தால் பெரிய கேடு இல்லை. கட்டையை மெதுவாகத் தள்ளினால் போதும். இங்கே வேகம்தான் விஷயம். சக்கரத்தின் எந்தப் பகுதி எந்தக் கணத்தில் மேலே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது வேலை, ஒவ்வோர் அறுப்புக்கும் முன் வண்டியில் ஏற்றிய கட்டையை வாளை நோக்கிப் பலகைக் கனத்துக்கு நகர்த்தி நிறுத்துவது. இங்கே வேகம் யாருக்கும் முக்கியமில்லை. நின்ற இடம்தான் முக்கியம். அருகருகே ஓடும் இரு மோட்டார்கள் இரு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஒன்றுக்குப் பொருந்தும் தீர்வு மற்றதற்கு வீண்செலவு. வாள் மோட்டாருக்கு அதிர்வெண்ணை மாற்றித் தரும் வி.எஃப்.டி. தாராளம். நகர்த்தும் மோட்டாருக்கு இடம் அறியும் கருவி இல்லாமல் நடக்காது.

அனுபவமுள்ள அறுவைக்காரர் கண்ணாலேயே அளந்துவிடுவார் என்பீர்கள். உண்மைதான். அவர் கண்ணில் ஒரு சாட்சி இருக்கிறது, அதுவும் வாளுக்கும் மரத்துக்கும் நடுவிலேயே இருக்கிறது. மோட்டார் போட்டுத் தானியங்கியாக்குகிறோம் என்று சொல்லி அந்தச் சாட்சியை நீக்கிவிட்டு வேறொன்றை வைக்காமல் போனால், நாம் முன்னேறவில்லை.

கணக்கு ஒன்று சொல்கிறேன். 25 மில்லிமீட்டர்ப் பலகை வேண்டும். நிறுத்தும் இடம் 2 மில்லிமீட்டர் முன்பின் ஆகும் என்றால், எந்தப் பலகையும் மெலிந்து போகாதிருக்க 27 மில்லிமீட்டருக்கு அறுப்போம். ஒரு கட்டையில் 20 பலகை என்றால் 40 மில்லிமீட்டர் மரம் இழைப்புளியில் சீவலாகப் போகும். ஒன்றரைப் பலகை. பிழையைக் கால் மில்லிமீட்டருக்குக் குறைத்தால் அந்த இழப்பு 5 மில்லிமீட்டர்.

இந்தத் தீவுகளில் இது லாபக் கணக்கோடு முடிவதில்லை. இத்தீவுகளின் காடுகளை ஆராய்ந்த சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் குறைத்து உள்ளூர்த் தேவைக்குள் அடக்கியது. அதன்பின் ஆலைக்கு வரும் ஒவ்வொரு கட்டையும் பொறுப்போடு வருகிறது. தண்டை ஒழுங்காக நிறுத்தத் தெரிந்தால், அதே அளவு பலகைக்குக் காட்டில் வெட்ட வேண்டிய மரம் குறையும்.

சுக்கான் பிடித்தவரிடம் கற்றது

தண்டை நிறுத்தும் கலைக்கான கணக்கு கப்பலிலிருந்து வந்தது. 1922இல் நிக்கோலாஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர் கப்பலைத் தானாகத் திசை பிடிக்க வைப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நியூ மெக்சிகோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. தேர்ந்த சுக்கான்காரர் என்ன செய்கிறார் என்பதுதான் அவருடைய தொடக்கம். திசை இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் அவர் பார்ப்பதில்லை. விலகல் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது அல்லது குறைகிறது என்றும் பார்க்கிறார். காற்றோ நீரோட்டமோ நெடுநேரமாக ஒரு பக்கமே தள்ளினால், அதை ஈடுகட்டச் சுக்கானை நிரந்தரமாகச் சற்று சாய்த்தே வைக்கிறார். இப்போதைய பிழை, சேர்ந்த பிழை, பிழை மாறும் விதம். இந்த மூன்றையும் கூட்டித்தான் கட்டளை பிறக்கிறது. இன்று உலகெங்கும் பி.ஐ.டி. என்று வழங்குவது இதுவே.

நம் மர வண்டியில் இதை வைத்துப் பாருங்கள். இலக்குக்கு எவ்வளவு தூரம் என்பதை மட்டும் பார்த்து மோட்டாரைத் தள்ளினால், கனமான கட்டை இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி, மீண்டும் தாண்டி ஊசலாடும். நெருங்கும் வேகத்தைக் கவனித்து முன்கூட்டியே பிடித்தால் ஊசல் அடங்கும். உராய்வு காரணமாக இலக்குக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நின்றுவிட்டால், அந்தச் சிறு பிழையைச் சேர்த்துக்கொண்டே போகும் பகுதி மோட்டாரை மெல்லத் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதை அளவுக்கு மீறிக் கொடுத்தால், அது சேர்த்து வைத்த பழைய பிழைக்காக இப்போது இல்லாத பிழையைத் திருத்தப் போகும். சரிசெய்பவர் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, காதும் கண்ணும் வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

சாட்சியை எங்கே நிறுத்துவது

மோட்டார் செய்வது நமக்குப் புதிதல்ல. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இல் கோவையில் செய்த மோட்டார், இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. அன்றிலிருந்து சுழற்றத் தெரிந்தவர்கள் நாம். நம் பட்டறைகளில் அதிகம் தவறுவது சாட்சியை வைக்கும் இடத்தில்.

இன்று பொதுவாகப் பயன்படும் சாட்சி என்கோடர். தண்டோடு சுழலும் வட்டத்தட்டில் மெல்லிய கோடுகள் இருக்கும், ஒளி அவற்றினூடே விட்டுவிட்டு வரும். 1,024 கோடுள்ள தட்டில் இரண்டு ஒளி உணரிகளைச் சற்றுத் தள்ளி வைத்தால் ஒரு சுற்றுக்கு 4,096 எண்ணிக்கை கிடைக்கும், திரும்பும் திசையும் தெரியும். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகை அந்தத் தண்டோடு இணைத்தால், ஓர் எண்ணிக்கை ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வரும். பொருள்பட்டியலைப் பார்த்ததும் மனம் நிறையும்.

ஆனால் என்கோடர் நிற்பது மோட்டாரின் முதுகில். அங்கிருந்து மரம்வரை கியர், திருகு, சங்கிலி, வண்டியின் சட்டம் எல்லாம் இருக்கின்றன. கியர்ப் பற்களுக்கிடையே பட்டறையில் ‘பிளே’ என்று சொல்லும் தளர்வு ஒரு மில்லிமீட்டர் இருந்தால், ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் அறிந்த சாட்சி அதைப் பார்க்கவே இல்லை. மோட்டார் சரியான இடத்தில்தான் நிற்கிறது, பலகைதான் தவறு. இதற்கு மருந்து இன்னும் அதிகக் கோடுள்ள என்கோடர் என்று நினைப்பது வழக்கம். பணம் போகும், பலகை மாறாது. வண்டியின் மீதே ஒரு நேர் அளவுகோலை வைத்து, இடத்தை அங்கே அளந்து, மோட்டாரின் முதுகில் உள்ள என்கோடரை வேகத்துக்கு மட்டும் பயன்படுத்துவது முறையான வழி. வேகத்தை மோட்டாரில் அளக்கவும், இடத்தை வேலை நடக்கும் இடத்தில் அளக்கவும்.

அடுத்தது, சாட்சியின் நினைவு. எண்ணிக்கொண்டே போகும் என்கோடருக்கு மின்சாரம் போனால் எல்லாம் மறந்துவிடும். மின்தடை வந்து போகும் ஊரில், ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சுழியத்தைக் கண்டுபிடித்துத் தொடங்க வேண்டும். கட்டை பாதி அறுபட்டு நிற்கும்போது அதைச் செய்ய முடியாது. ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் குறி எழுதிய முழுநினைவு என்கோடர் விழித்ததும் தன் இடத்தைச் சொல்லும். அந்தக் குறிகளை எழுதும் முறையில் ஃபிராங்க் கிரே பெயரால் வழங்கும் குறியீடு பெயர்பெற்றது. அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கிடையே ஒரே ஓர் இலக்கம்தான் மாறும். ஆகவே எல்லையில் தடுமாறினாலும் ஓர் இடத்துக்கு மேல் பிழை வராது.

ஸ்டெப்பர் மோட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர்களின் செயல்திட்டங்களில் அதுதான் அதிகம். ஒரு சுற்றுக்கு 200 அடி, ஒவ்வொன்றும் 1.8 டிகிரி. அடிகளை எண்ணி அனுப்பினால் சாட்சியே வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. சுமை மிகுந்து நான்கு அடி தவறினால் அது யாரிடமும் சொல்லாது. கட்டுப்பாட்டுப் பெட்டி தான் அனுப்பிய எண்ணிக்கையையே உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கும். லேசான, மாறாத சுமைக்கு அது நல்ல வேலைக்காரன். கட்டைக்குக் கட்டை எடை மாறும் இடத்தில் அதைத் தனியே விடக்கூடாது.

இந்த ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கின்றன, ஆலையில் மரத்தூளும் சேர்கிறது. ஒளியால் படிக்கும் கண்ணாடித் தட்டில் ஆவி படிந்தாலும் தூள் படிந்தாலும் எண்ணிக்கை தவறும். கம்பிச்சுருள்களின் காந்தத் தூண்டலால் கோணத்தைச் சொல்லும் ரிசால்வர் இங்கே அதிகம் தாங்கும். அதன் நுணுக்கம் சற்றுக் குறைவாக இருக்கலாம். பத்து ஆண்டு உண்மை சொல்லும் சுமாரான சாட்சி, பத்து மாதத்தில் பார்வை மங்கும் கூர்மையான சாட்சியைவிட மேல்.

வானத்தைப் பார்க்கும் தண்டுகள்

சாட்சியை வேலைக்கு எவ்வளவு அருகே கொண்டுபோகலாம் என்பதற்கு உச்ச எடுத்துக்காட்டு ஆண்டெனா. ராக்கெட் 600 கிலோமீட்டர் தொலைவில் விநாடிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்காகப் போகிறது என்றால், ஆண்டெனா விநாடிக்கு முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்ப வேண்டும். இவ்வேலைக்கான ஆண்டெனாவின் பார்வை அகலம் சுமார் ஒரு டிகிரி. ஒரு விநாடி பின்தங்கினாலே இலக்கு பார்வையின் ஓரத்தைத் தாண்டிவிடும். நிற்கும் இலக்குக்குப் போதுமான கட்டுப்பாடு, ஓடும் இலக்கை எப்போதும் சற்றுப் பின்னாலிருந்தே துரத்தும். அதனால் அது எங்கே போகப்போகிறது என்ற முன்கணிப்பையும் மோட்டாருக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இலக்கு தலைக்கு மேலே வரும்போது வேறொரு சிக்கல். கிடைவட்டத்தில் திரும்பும் தண்டு, இலக்கின் உயரக்கோணம் 80 டிகிரியை அடையும்போது கிட்டத்தட்ட ஆறு மடங்கு வேகத்திலும், 89 டிகிரியில் ஐம்பத்தேழு மடங்கு வேகத்திலும் சுழல வேண்டியிருக்கும். நேர் உச்சியில் எந்த மோட்டாராலும் முடியாது. இது மோட்டாரின் பலவீனம் இல்லை, அச்சுகளை அமைத்த முறையிலிருந்து வரும் தொல்லை. மூன்றாவது அச்சு சேர்த்தோ உச்சியைத் தவிர்க்கத் திட்டமிட்டோ சமாளிக்கிறார்கள்.

இத்தகைய ஆண்டெனாக்கள் தண்டில் உள்ள கோண அளவியை மட்டும் நம்பி நிற்பதில்லை. ராக்கெட் அனுப்பும் அலையே ஆண்டெனாவின் மையத்தில் விழுகிறதா, இடமாகவோ வலமாகவோ விலகி விழுகிறதா என்று அளந்து, அந்த விலகலையே பிழையாகக் கொண்டு மோட்டாரைத் திருப்புகிறார்கள். கியர்த் தளர்வு, காற்றுத் தள்ளுவது, சட்டம் வளைவது எல்லாம் அந்த ஒரே அளவீட்டுக்குள் வந்துவிடுகின்றன. இலக்கே சாட்சி சொல்கிறது. இதைவிட அருகே சாட்சியை நிறுத்த வழியில்லை.

இதற்கு நேர்மாறான வழியை ஊட்டி முத்தோரையில் காணலாம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைந்து 1970இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. 24 சட்டங்கள் தாங்கும் அந்த உடலை இரு அச்சுகளில் திருப்ப முயலவில்லை. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சரிந்த மலைச்சரிவில், வடக்கு தெற்காக அதைப் படுக்க வைத்தார்கள். அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. இப்போது ஒரே தண்டு, மணிக்கு 15 டிகிரி என்ற ஒரே மெதுவான வேகம். பூமி சுழலும் வேகத்தில் எதிர்ப்புறம் திரும்பினால் விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். மோட்டாரைக் கெட்டிக்காரனாக்குவதற்கு முன், அதனிடம் கேட்கும் வேலையை எளிதாக்க முடியுமா என்று பார்த்த பொறியியல் அது.

முடிவுக்கு வருவோம்

இன்றைய அலை அளவிகள் பலவற்றில் உருளையே இல்லை. ரேடார் மேலிருந்து நீர்மட்டத்தைப் பார்க்கிறது, நேரம் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, பதிவு உடனுக்குடன் ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்துக்குப் போகிறது. சுழற்சி தேவையில்லாத இடத்தில் அதை எடுத்துவிடுவதே நல்ல கட்டுப்பாடு. தேவைப்படும் இடங்களில், வாளுக்கும் வண்டிக்கும் ஆண்டெனாவுக்கும், இங்கிருக்கும் மாணவர்கள் எந்திரத்தைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். இந்த வேலைக்கு வேண்டியது வேகமா, இடமா? பிழையை அளப்பவர் மோட்டாரின் பக்கம் நிற்கிறாரா, வேலையின் பக்கம் நிற்கிறாரா? அளப்பவரே தவறினால் அது எனக்கு எப்படித் தெரியவரும்?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் விலை உயர்ந்த பதில் தேவைப்படாது. நாளுக்கு ஒருமுறை ஒரு பலகையை எடுத்து வெர்னியரால் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதினால் போதும். அலை அளவிக்காரர்கள் காகித ஓரத்தில் எழுதிய குறிப்பும் அதுதான். நாளைக் காலை ஆலையில் முதல் பலகை விழுந்ததும் யாராவது ஒருவர் அதைத் தொடங்கினால், இன்று நான் பேசியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.